மடக்குக் கத்தி சேர்ப்பவர்களுக்கு

மலேசியாவின் மாசாய் நகரின் ஈரக் காற்றில் பழைய மடக்குக் கத்திக்கு முதல் எதிரி துருதான். கார்பன் எஃகு அலகால் எலுமிச்சை அறுத்துவிட்டு அப்படியே மடக்கி வைத்தால், சீக்கிரமே செம்புள்ளி விழுந்துவிடும். உடனே கழுவி, நன்றாகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பூசுங்கள். மடக்கும் ஆணிக்கும் ஒரு சொட்டு. பழம் அறுக்கும் கத்தியானால் உணவுக்கு உகந்த மினரல் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்குப் பிடிக்கும். தோல் உறைக்குள்ளும் வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அலகில் படரும் நீலச் சாம்பல் நிறம் துரு அல்ல. தயவுசெய்து அதைத் தேய்த்து எடுக்காதீர்கள், கத்தியின் வயதே அதில்தான் இருக்கிறது.

இரண்டு கத்திகளை ஒப்பிடும்போது அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஆணி தேய்ந்திருக்கிறது. பிறகு முத்திரையைப் படியுங்கள். பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் ‘இனாக்ஸ்’ என்றிருந்தால் துருப்பிடிக்காத எஃகு, ‘கார்போன்’ என்றால் கார்பன். அளவைக் குறிக்கும் எண்களில், 8-ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ. அலகைப் பூட்டும் வளையம் வந்தது 1955-இல். பெரிய எண் கத்தியில் வளையம் இல்லையென்றால் அதற்கு முந்தியதாக இருக்கலாம். வளையம் கழன்ற தடம் உண்டா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் மரப்பிடி உப்பி அலகு இறுகினால் பலவந்தமாக இழுக்க வேண்டாம், மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள்.

சேகரிப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே திரியாதீர்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது மலேசியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.