வெட்டு, வெட்டுங்கள்: ஸ்பானிஷ் கட்டளைச் சொற்கள்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு ஸ்பானிஷ் எதுக்குடா என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

போன கோடை விடுமுறையில் ஒரு லேத் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். அங்கே ஸ்பெயினில் செய்த பழைய லேத் ஒன்று இருந்தது. அதில் ஒரு தகடு. என்ன எழுதியிருக்குன்னு பட்டறையில் ஒருத்தருக்கும் தெரியாது. ஓடுகிற சக்கை காட்டன் வேஸ்ட்டால் துடைக்கப் போய் மோதிர விரல் நகத்தை விட்டுவிட்டு வந்தேன். கட்டுப் போட்ட கையோடு தகட்டைப் பார்த்து நோட்டில் எழுதி, நூலக அகராதியில் தேடினேன். “தெஸ்கொனெக்தே லா மாக்கினா ஆந்தெஸ் தெ லிம்பியார்.” துடைக்கும் முன் மின் இணைப்பைத் துண்டியுங்கள்! அன்று பிடித்த பைத்தியம்தான் இது.

ஸ்பானிஷ் வினைகளின் மூல வடிவம் ஆர், ஏர், ஈர் என்ற மூன்றில் ஒன்றில் முடியும். கோர்த்தார் என்றால் வெட்டுதல் (பூ கோர்த்தார் இல்லை!). கொமேர், சாப்பிடுதல். அப்ரீர், திறத்தல்.

‘நீ’ என்று பேசும்போது ஆர் வினை ‘ஆ’வில் முடியும், மற்ற இரண்டும் ‘ஏ’யில் முடியும். கோர்த்தா, வெட்டு. கோமே, சாப்பிடு. ஆப்ரே, திற. ‘நீங்கள்’ என்று மரியாதையாகச் சொல்ல, இந்தக் கடைசி உயிரை அப்படியே இடம் மாற்றுங்கள். கோர்த்தே, வெட்டுங்கள். கோமா, சாப்பிடுங்கள். ஆப்ரா, திறங்கள். யாராவது ‘கோமா’ என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம், சாப்பாட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்!

ஏன் இப்படி மாறுகிறது? மரியாதைச் சொல்லான ‘உஸ்தேத்’, ‘தங்கள் அருள்’ என்ற பொருளுள்ள பழைய சொற்றொடர் தேய்ந்து வந்தது. அதனால் எதிரே நிற்பவரையே படர்க்கையில் சொல்கிற மாதிரி. நம்மூரில் “ஐயா உட்காரட்டும்” என்போமே, அந்த ‘அட்டும்’தான் அங்கே உயிர் மாற்றம். இங்கிலீஷ்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே ‘கட்’தான். நமக்கு வித்தியாசம் தாய்ப்பாலோடு வந்தது.

தகட்டில் ‘தெஸ்கொனெக்தா’ என்று போடவில்லை, ‘தெஸ்கொனெக்தே’ என்றிருந்தது. இதை நான் இரண்டு தடவை சரிபார்த்தேன். எங்க அப்பா மூட்டை தூக்குகிறவர். கடை முதலாளியின் பையன், என் வயசுதான், “ஏய், இதைத் தூக்கு” என்பான். எங்கோ ஒரு நாட்டில் தகடு அடித்தவன் முகம் தெரியாத தொழிலாளிக்கு ‘நீங்கள்’ போட்டிருக்கிறான். வீட்டில் சொன்னேன். “மிஷினா அப்படிச் சொல்லுது?” என்று கேட்டுவிட்டு அப்பா ரொம்ப நேரம் பேசலை.

பலரிடம் சொல்ல, மரியாதை வடிவத்தோடு ‘ன்’ சேர்த்தால் போதும்: கோர்த்தென், கோமன், ஆப்ரன். லத்தீன் அமெரிக்காவில் நண்பர் கூட்டத்துக்கும் இதேதான். ஸ்பெயினில் மட்டும் நெருங்கியவர்கள் பலர் என்றால் மூலச்சொல்லின் ‘ர்’ போய் ‘த்’ வரும்: கோர்த்தாத், கொமேத், அப்ரீத்.

‘அதை’ என்பது கட்டளையின் வாலில் ஒட்டும். லிம்பியே, துடையுங்கள், லிம்பியேலா, அதைத் துடையுங்கள். மாக்கினா பெண்பால், அதனால் ‘லா’. அழுத்தம் பழையபடி ‘லிம்’மில்தான், எழுதும்போது அதன் தலையில் ஒரு கோடு போட வேண்டும்.

இதெல்லாம் ஒழுங்கான வினைகளுக்குத்தான். ‘நீ’ வடிவில் அடங்காத பிள்ளைகள் எட்டு உண்டு. அவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

பயிற்சி: வெந்தேர் (விற்றல்), எஸ்க்ரிபீர் (எழுதுதல்). முதலில் உங்கள் பெஞ்ச் நண்பனிடமும், பிறகு பட்டறைப் பெரியவரிடமும் சொல்லிப் பாருங்கள். விடை: வெந்தே, வெந்தா, எஸ்க்ரீபே, எஸ்க்ரீபா.

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு