விசைக்குப் புது வேலை கொடுப்போம்

எழுத்துகளை மட்டுமே காட்டும் கணிப்பொறி முனையத்தில் இயங்கும் எடிட்டர்களுள் புகழ் பெற்றது 'விம்'. 1976-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் எழுதிய 'வி.ஐ.' என்னும் எடிட்டரே இதற்கு முன்னோடி. அதன் வழியில் மேலும் பல வசதிகளைச் சேர்த்து, நெதர்லாந்து நாட்டினரான பிராம் மூலெனார் 1991-இல் விம்மை வெளியிட்டார். இதன் விசைகளுக்கு நாம் விரும்பும் வேலையைக் கொடுக்கலாம். அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விம்மில் முக்கியமான நிலைகள் இரண்டு. ஒன்றில் தட்டும் எழுத்துகள் அப்படியே உரையாகும். மற்றொன்றில் அவையே கட்டளைகளாகும். முதல் நிலையிலிருந்து கட்டளை நிலைக்குத் திரும்ப 'எஸ்கேப்' விசையை அழுத்த வேண்டும். பில் ஜாய் பயன்படுத்திய 'ஏ.டி.எம். 3ஏ' முனையத்தில் இவ்விசை, இன்று 'டேப்' இருக்கும் இடத்தில், விரலுக்கு அருகில் இருந்தது. இன்றோ அது பலகையின் மூலைக்குப் போய்விட்டது. ஆகவேதான் பலர் அதற்கு மாற்று தேடுகின்றனர்.

நம் விருப்பங்களை எழுதி வைக்கும் இடம், புள்ளியில் தொடங்கும் 'விம்ஆர்சி' என்ற கோப்பு. அதில் 'இன்நோரீமேப்' என்னும் கட்டளையை எழுதி, இடம் விட்டு ஜே எழுத்தை இருமுறையும், பின்னர் கோணக்குறிகளுக்குள் இ, எஸ், சி என்னும் எழுத்துகளையும் இட்டால், ஜேயை விரைந்து இருமுறை தட்டுவதே எஸ்கேப் ஆகிவிடும். ஆங்கிலச் சொற்களில் ஜே இரட்டிப்பது மிக அரிது. ஆதலால் இடையூறு இல்லை. முதல் ஜேக்குப் பின் இரண்டாவது வருகிறதா என்று விம் ஒரு நொடி காத்திருக்கும்.

வெறும் 'மேப்' கட்டளைக்கும் 'நோரீமேப்' கட்டளைக்கும் வேறுபாடு உண்டு. ஜேயைக் கேயாகவும் கேயை ஜேயாகவும் 'மேப்' செய்தால், ஒன்று மற்றொன்றைத் தேடிச் சுழன்று, இறுதியில் பிழைச் செய்தியே மிஞ்சும். 'நோரீமேப்' விசையின் பழைய பொருளையே எடுத்துக்கொள்வதால் இச்சுழல் நேராது. எனவே அதையே வழக்கமாகக் கொள்வது நலம்.

இனி, பலரும் இடறும் இடத்திற்கு வருவோம். முனையம் விசைகளை எண்களாகவே அனுப்புகிறது. ஆஸ்கி அட்டவணையில் பெரிய எழுத்து ஐயின் எண் 73. கண்ட்ரோல் விசையுடன் அதை அழுத்தினால் 64 குறைந்து 9 ஆகிறது. டேப் விசையின் எண்ணும் 9 தான்! அவ்வாறே கண்ட்ரோலுடன் எம் சேர்ந்தால் 13, அது 'எண்டர்'. ஆகவே ஒன்றை மாற்றினால், பொதுவாக மற்றொன்றும் உடன் மாறிவிடும். கண்ட்ரோலுடன் எஸ் சேர்ந்தால் 19. இது பல முனையங்களில் திரையை நிறுத்தி வைக்கும் குறி. சேமிக்க எண்ணி இதை அழுத்தியவர், திரை அசையாததைக் கண்டு கணிப்பொறியையே அணைத்துவிட்டால், அதுவரை எழுதியதை இழக்க நேரிடலாம். கண்ட்ரோலுடன் கியூ அழுத்தினாலே திரை மீண்டும் இயங்கும்.

இத்தொல்லையைத் தவிர்க்க விம்மில் 'லீடர்' என்றொரு விசை உண்டு. நாம் மாற்றாதவரை அது பின்சாய்கோடு. நம் சொந்தக் கட்டளைகளை அதன் பின் ஓர் எழுத்தாக அமைத்தால், பழைய விசைகள் கெடா. முன்பே என்னென்ன மாற்றப்பட்டுள்ளன என்பதை, முக்காற்புள்ளி இட்டு 'மேப்' என்று தட்டிப் பார்க்கலாம்.

தோழியரே, வேறொரு கணிப்பொறியின் முன் அமரும்போது நம் 'விம்ஆர்சி' அங்கே இராது. விம்மின் இயல்பான விசைகளே இருக்கும். ஆகவே முதலில் அவற்றைக் கைக்குப் பழக்குவோம். ஒரு விசை இப்போது என்ன செய்கிறது என்று அறிந்த பின்னரே அதற்குப் புது வேலை கொடுப்போம். மாற்றங்கள் சிலவே ஆயினும், அவை நன்கு பயன் தரும்.