ஒரே சூளைக்கு விறகிட்ட இருவர்

பல நாட்டுக் கலைஞர், ஒருவர் ஊருக்கு ஒருவர் சென்று உடனிருந்து உழைத்துக் கற்பதைக் கலைப் பரிமாற்றம் என்கிறோம். அதனால் தொழில் வளரும் என்பது எளிதில் விளங்கும். தொழில் செய்வோரும் வளர்கின்றனர், நட்பும் வேரூன்றுகிறது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். இங்கிலாந்தின் பெர்னார்ட் லீச், ஜப்பானின் ஹமாடா ஷோஜி என்னும் இரு மட்கலக் கலைஞரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

லீச் 1887இல் ஹாங்காங்கில் பிறந்து, லண்டனில் ஓவியம் பயின்றவர். செப்புத் தகட்டில் சித்திரம் பதித்து அச்சிடும் கலையைக் கற்பிக்கும் நோக்குடன் 1909இல் ஜப்பான் சென்றார். 1911இல் ஒரு விருந்தில், விருந்தினர் சித்திரம் தீட்டிய மட்கலங்கள் அவர்கள் கண்முன்பே சுடப்பட்டன. அதைக் கண்டு வியந்த லீச், கென்சான் என்னும் மட்கல மரபின் ஆறாம் தலைமுறை முதியவரிடம் தொழில் கற்க அமர்ந்தார். ஆசிரியராகச் சென்றவர் மாணாக்கரானார். அவரது வளர்ச்சி அன்று தொடங்கிற்று.

ஹமாடா 1894இல் பிறந்தவர். தொழிற் கல்லூரியில் பயின்று, கியோட்டோ நகர ஆராய்ச்சி நிலையத்தில் மட்கலங்களுக்குரிய மெருகுப் பூச்சுக்களைச் சோதித்தவர். லீச்சிடம் ஓவியரின் கண் இருந்தது. ஹமாடாவிடம் இரசாயன அறிவு இருந்தது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள செயிண்ட் ஐவ்ஸில் ஒரு கைத்தொழிற் சங்கத்தின் துணை கிடைக்கவே, 1920இல் இருவரும் சேர்ந்து அங்குப் பட்டறை நிறுவினர். சரிவில் படிப்படியாக ஏறும் ஜப்பானிய முறைச் சூளையையும் கட்டினர். விறகு அரிது; மண்ணும் புதிது. பலகால் சோதித்தே கலம் செய்தனர். இங்கிலாந்தில் அருகிவந்த, குழம்பு மண் பூசிக் கோலமிடும் பழைய முறையையும் சேர்ந்து கற்றனர். லீச் தம் முன்னோர் தொழிலை ஓர் அயல்நாட்டாரின் துணையோடு மீண்டும் அறிந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

நெசவாளர் அறியவேண்டிய செய்தியும் ஒன்றுண்டு. டிச்லிங் என்னும் ஆங்கிலக் கிராமத்தில் எதெல் மேரே அம்மையார், தாவரச் சாயமேற்றிய நூலைக் கைத்தறியில் நெய்து வந்தார். இவர் முன்னர் ஆனந்த குமாரசுவாமியின் துணைவியாராய் இலங்கையில் சில ஆண்டுகள் வாழ்ந்து, அந்நாட்டுக் கைத்தொழில்களை ஆராய்ந்தவர். ஹமாடா அவர் இல்லம் சென்று, கிராமத்தில் வாழ்ந்தே உயர்ந்த தொழில் செய்யலாம் என்பதைக் கண்கூடாகக் கண்டார். பின்னர்த் தாயகம் திரும்பியவர், சமையற் பாண்டங்கள் செய்யும் மஷிகோ என்னும் சிற்றூரில் குடியேறி, அவ்வூர் மண்ணைக் கொண்டே உழைத்தார். 1955இல் ஜப்பானிய அரசு, 'வாழும் தேசியச் செல்வம்' என மக்கள் வழங்கும் சிறப்பை அவருக்கு அளித்தது.

இரண்டாம் உலகப்போரில் இரு நாடுகளும் பகைத்தன, நண்பர்கள் பகைக்கவில்லை. 1952இல் டார்ட்டிங்டனில் மட்கலத்தாரும் நெசவாளரும் கூடிய பன்னாட்டு மாநாட்டில் இருவரும் கலந்துகொண்டனர். பின்னர் அமெரிக்காவில் ஒன்றாகச் சுற்றித் தொழில் செய்து காட்டினர். ஹமாடா 1978இலும், லீச் 1979இலும் மறைந்தனர். எனினும் 2011 நிலநடுக்கத்தில் மஷிகோ சேதமுற்றபோது, செயிண்ட் ஐவ்ஸ் பட்டறை உதவி நிதி திரட்டிற்று.

இந்நட்பு உபசாரத்தால் வளரவில்லை. ஒரே சூளைக்கு இருவரும் விறகிட்டதால் வளர்ந்தது. நம் சங்கத்துக்குப் பிறவூர் உறுப்பினர் வந்தால், மாலையும் காப்பியும் அளித்து, தறிக்கூடத்தை வாயிலில் நின்று காட்டி அனுப்புவது போதாது. தறியில் அமர்த்த வேண்டும். வயலில் இறக்க வேண்டும். சாயப் பக்குவத்தைப் பிறர் அறிந்தால் நம் விற்பனை குறையும் என அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் இயல்பே. ஆயினும், பல ஆண்டுகள் ஒருவரிடம் ஒருவர் கற்ற பின்னும் லீச்சின் கலம் லீச்சின் கலமாகவும், ஹமாடாவின் கலம் ஹமாடாவின் கலமாகவுமே விளங்கின. பக்குவம் கைமாறும்; கைத்திறம் அவரவர் உழைப்பில் விளைவது.

உறுப்பினர் கூடி ஆராய வேண்டியவை:

1. நம் சங்கம் பிறருக்குக் கற்பிக்கக்கூடிய தொழில் நுட்பம் யாது?

2. நாம் பிறரிடம் கற்க வேண்டியது யாது?

3. இவ்வாண்டு எந்தச் சங்கத்துக்கு ஒருவரை அனுப்பி, அங்கிருந்து ஒருவரை வரவேற்று, ஒரு வாரமேனும் சேர்ந்து உழைக்கச் செய்யலாம்?