திருவதரியின் தப்த குண்டம்

108 திவ்ய தேசங்களுள் இமயமலையில் விளங்குவனவற்றுள் ஒன்று திருவதரியாச்ரமம். கடல் மட்டத்திற்கு மேல் 10,000 அடியைக் கடந்த உயரத்தில், பனி உருகிப் பெருகும் அலகநந்தையின் கரையில் ஸ்ரீபத்ரிநாராயணன் எழுந்தருளியுள்ளான். விரல் மரத்துப்போகும் அந்நதியின் அருகிலேயே, ஸந்நிதிக்குக் கீழே, ஆவி பறக்கும் வெந்நீர் ஊற்று ஒன்று உள்ளது. அதுவே தப்த குண்டம். யாத்ரிகர்கள் இதில் நீராடிய பின்னரே பெருமானை ஸேவிப்பது வழக்கம்.

இதற்கு வஹ்நி தீர்த்தம் என்றும் பெயர். எதையும் உண்பவனாகும்படி சாபம் பெற்ற அக்நிதேவன், அத்தோஷம் நீங்க வதரியை அடைந்து எம்பெருமானைச் சரணடைந்து இங்கே தீர்த்தரூபியாய் உறைகின்றான் என்பது புராண வரலாறு. எரிப்பதையே தொழிலாகக் கொண்டவன், பகவத் ஸந்நிதியில் அடியார்களின் குளிரைப் போக்கும் கைங்கர்யம் பெற்றான் என்பதே இதன் உட்கருத்து.

பூமியியலாரும் இதற்குக் காரணம் கூறுவர். மழைநீரும் பனிநீரும் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்தில் இறங்கிப் பூமியின் உள்வெப்பத்தால் சூடேறி, வேறு பிளவுகளின் வழியே மேலெழுகின்றன. இங்குள்ள வெந்நீரின் வெப்பம் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸ் என்பர். கார்த்திகையையொட்டி நடை சாத்தப்பெற்றுச் சித்திரை அல்லது வைகாசியில் திறக்கப்படும் வரை ஊரே பனியில் மூழ்கிக் கிடக்கும். அப்பொழுதும் ஊற்று ஓய்வதில்லை.

யாத்ரிகர்கள் ஒன்றை மறக்கலாகாது. உயரமான இடத்தில் காற்று மெலிந்திருக்கும். வெந்நீரில் நெடுநேரம் அமர்ந்தால் தலை சுற்றும். முதலில் கால்களில் நீரை வார்த்துக்கொண்டு, சிறிது நேரமே நீராடி, உடனே உலர்ந்த ஆடை தரித்தல் வேண்டும். இருதய நோயும் இரத்த அழுத்தமும் உடையோர் புறப்படுமுன் வைத்தியரைக் கலந்துகொள்ளவேண்டும். இயலாதவர் தீர்த்தத்தைச் சிரஸில் ப்ரோக்ஷித்துக்கொண்டாலே போதும். அசக்தருக்குச் சாஸ்த்ரம் அவ்வாறே இடமளிக்கின்றது. தீர்த்தத்தில் சோப்பும் எண்ணெயும் கலத்தல் அபசாரமாகும்.

முதுமை வந்து உடல் தளருமுன்னே வதரியை வணங்குமாறு பெரிய திருமொழியில் நெஞ்சுக்கு உபதேசித்தார் திருமங்கையாழ்வார். "பின்னர் பார்த்துக்கொள்வோம்" என்று நாள் கடத்துவோர்க்கும் அதுவே உபதேசம். கால்களில் வலிமை உள்ளபோதே சென்று, நீராடி, ஸேவித்து, அவன் திருவருளுக்குப் பாத்திரராவோமாக.