அடியில் கிடக்கும் கொப்பி



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் பலரது மேசையில் எப்போதும் அடியிலேயே கிடக்கும் கொப்பி ஒன்று இருக்கும். சிலருக்கு அது ஆங்கிலக் கொப்பி. சிலருக்கு விஞ்ஞானம். நான் கண்டவரையில் மிகப் பலருக்கு அது கணிதத்தில் கேத்திரகணிதப் பகுதி. "நாளைக்குப் பார்ப்பம்" என்று ஒவ்வொரு நாளும் அதன் மேல் வேறொரு கொப்பியை வைத்துவிடுவோம். இதனையே காலந்தாழ்த்துதல் என்கிறோம்.

வீட்டில் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைப்பார்கள். அது பெரும்பாலும் சரியன்று. காலந்தாழ்த்தும் மாணவர் அந்நேரத்தில் சும்மா இருப்பதில்லை. மேசையை ஒழுங்குபடுத்துவார். ஏற்கெனவே நன்கு தெரிந்த வரலாற்றுப் பாடத்தை மறுபடியும் வாசிப்பார். மூன்று நிறப் பேனைகளால் புதிய நேரசூசி வரைவார். (ஒரே தவணையில் நான்கு நேரசூசிகள் வரைந்த மாணவி ஒருவர் என்னிடம் படித்தார். நான்கும் மிக அழகானவை.) உளவியலாளர்களான பியூஷியா சிரோயிஸ், திமோத்தி பிச்சில் ஆகியோர் 2013 இல் எழுதிய கட்டுரையில் இதற்கு வேறு விளக்கம் தருகின்றனர். குறித்த வேலை எமக்குள் பயத்தையோ சலிப்பையோ எழுப்புகின்றது. அந்த உணர்விலிருந்து உடனே விடுபடுவதற்காகவே வேலையைத் தள்ளிவைக்கிறோம் என்பது அவர்களது கருத்து. அதாவது, கொப்பியைத் திறந்தால் "எனக்கு இது விளங்காது" என்ற எண்ணம் வரும். திறக்காவிட்டால் அது வராது.

இன்னொரு வகை காலந்தாழ்த்தல் உண்டு. அதை யாரும் கண்டிப்பதில்லை. தனியார் வகுப்புக்குச் செல்வதைத்தான் சொல்கிறேன். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் நிறுவலைச் செய்கிறார். நீங்கள் பார்த்து எழுதுகிறீர்கள். எல்லாம் விளங்குவது போல இருக்கிறது. வீட்டில் அதே கணக்கைப் பாராமல் செய்யும் வேலை மட்டும் மறுநாளைக்குப் போகிறது. வகுப்புக்குப் போக வேண்டாம் என்பதல்ல. ஆனால் வகுப்பில் இருந்த இரண்டு மணித்தியாலத்தைப் "படித்த நேரம்" என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? "இன்று கேத்திரகணிதம் முழுவதையும் முடிப்பேன்" என்று உட்காருபவர் முடிப்பதில்லை. பல வேளைகளில் உட்காருவதும் இல்லை. பயத்தைத் தருவது வேலையின் அளவு. ஆகவே அளவைக் குறையுங்கள். ஒரு வட்ட நாற்பக்கலின் எதிர்க்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என நிறுவ வேண்டியுள்ளது எனக் கொள்வோம். முதலில் நிறுவ முயலாதீர்கள். உருவை வரையுங்கள். "தரவு" என்று எழுதி வினாவில் தந்திருப்பதை எழுதுங்கள். "நிறுவ வேண்டியது" என்று எழுதி அதனையும் எழுதுங்கள். இதற்கு விளக்கம் எதுவும் தேவையில்லை, பார்த்து எழுதினாலே போதும். பிறகு உருவைப் பாருங்கள். மையத்தை இரண்டு எதிர் உச்சிகளுடன் இணைக்கத் தோன்றுகிறதா? மையக்கோணம் பரிதிக்கோணத்தின் இருமடங்கு என்ற தேற்றமும், ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்கள் 360 பாகை என்பதும் நினைவுக்கு வந்தால் நிறுவலில் பாதி முடிந்தது. வராவிட்டால் பாடநூலைப் பார்த்துவிட்டு, மூடிவைத்து மீண்டும் எழுதுங்கள்.

எவ்வளவு நேரம் இருப்பது? கணித வினாத்தாள் II இல் 3 மணித்தியாலத்தில் 10 வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். ஒரு வினாவுக்கு 18 நிமிடங்கள். அதுவே உங்கள் அளவாக இருக்கட்டும். கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, கடந்தகால வினாத்தாளிலிருந்து ஒரேயொரு வினாவுடன் 18 நிமிடம் இருங்கள். பிடிக்காவிட்டால் எழுந்துவிடலாம். பெரும்பாலோர் எழுவதில்லை.

நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "பின்னேரம் படிப்பேன்" என்பது தீர்மானம் ஆகாது. "தேநீர் குடித்து முடிந்ததும், முன் விறாந்தை மேசையில், 2ஆம் வினா" என்பதே தீர்மானம். எப்போது, எங்கே, எதை என்று இவ்வாறு திட்டமிடுபவர்கள் அதைச் செய்து முடிப்பதற்கான வாய்ப்பு அதிகம் என ஜேர்மனிய உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் 1999 இல் எடுத்துக்காட்டினார்.

இடையில் ஒரு வாரம் தவறிப்போகலாம். வீட்டில் திருவிழா, காய்ச்சல், அல்லது ஒரு காரணமும் இல்லாமலே. அப்போது உங்களை நீங்களே திட்டிக்கொள்வதால் பயனில்லை. கனடாவில் முதலாம் ஆண்டுப் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வொன்றில், முதற் பரீட்சைக்குக் காலந்தாழ்த்தியதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே காலந்தாழ்த்தினர். தவறிய வாரத்தின் வேலையையும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்ய முனையாதீர்கள். மறுபடியும் ஒரு வினா, 18 நிமிடம்.

செய்து பார்க்க:
அடியில் கிடக்கும் உங்கள் கொப்பி எது? அதன் பெயரை எழுதுக. அதில் முதலில் எடுக்கப்போகும் ஒரு வினாவின் இலக்கத்தையும், உட்காரும் நேரத்தையும், இடத்தையும் கீழே எழுதுக. எழுதி முடித்ததும் அக்கொப்பியை எடுத்து மேலே வைக்குக.