லெந்து காலத் தியானம்: மாதம் ஒரு மட்டை

வேத பகுதி: லூக்கா 13:6-9



சாம்பல் புதனன்று பல தீர்மானங்களோடு லெந்து நாட்களைத் தொடங்குகிறோம். அதிகாலை ஜெபம், தினமும் வேத வாசிப்பு, ஒரு வேளை உபவாசம், கோபத்தை அடக்குதல். மூன்றாம் வாரத்தில் அவற்றில் பாதி நின்றுபோகிறது. இத்தனை வருஷம் லெந்து அனுசரித்தும் அப்படியேதான் இருக்கிறோம் என்ற சோர்வு உள்ளே நுழைகிறது. தீர்மானம் தவறியதைவிட இந்தச் சோர்வே ஆபத்தானது. ஆகவே ஆவிக்குரிய வளர்ச்சியைக் குறித்து மூன்று காரியங்களைத் தியானிப்போம்.

1. வளர்ச்சி முதலில் கண்ணுக்குத் தெரியாது

பழனி மலை அடிவாரத்து அய்யம்பாளையம் தென்னைக்குப் பேர்போன ஊர். நெட்டைத் தென்னங்கன்றை நட்டால் முதல் சில வருஷம் தண்டே தெரியாது. மட்டைகள் மட்டும் வரும். தூர் மண்ணை ஒட்டியே பருக்கும். அடி பருத்த பிறகுதான் மரம் மேலே எழும்பும். காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். வளர்ந்த மரமும் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டைதான் விடுகிறது. லெந்தின் நாற்பது நாளில் தென்னை விரிப்பது ஒரே மட்டை! தோட்டக்காரர் அதற்காக மரத்தை வெட்டுவதில்லை, தண்ணீர் பாய்ச்சுகிறார். இந்த நாற்பது நாளில் நம்முடைய பழைய சுபாவம் ஒன்று சற்றே தளர்ந்தால், அதுவும் ஒரு மட்டையே.

2. வளர்ச்சி வீட்டில், தினந்தோறும் நடக்கிறது

காசநோயாளிகள் சானடோரியத்தில் தங்கினால்தான் பிழைப்பார்கள் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1956ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், சிலரைச் சானடோரியத்திலும் சிலரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு ஆகாரமும் ஓய்வும் குறைவு. ஆயினும் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959ல் வெளியான முடிவு காட்டியது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் குறையும், எடை கூடும். அப்போது மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்பலாம். மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம்.

லெந்துக்கும் ஆசிரமம் தேவையில்லை. சமையலறையும் அலுவலகமும் போதும். ஆனால் அன்றாட வேளை தவறக் கூடாது. நேற்றுத் தவறியிருந்தால் இன்று தொடரலாம். முற்றிலும் நிறுத்துவதுதான் கேடு.

3. வளர்ச்சிக்கு ஆண்டவர் காலம் தருகிறார்

மூன்று வருஷம் கனி கொடாத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் கேட்கிறான். வெறுமனே காத்திருப்பதற்காக அல்ல; சுற்றிலும் கொத்தி எருப்போடுவதற்காக. கிருபை காலத்தையும் தருகிறது, மண்வெட்டியையும் எடுக்கிறது. அந்த ஒரு வருஷத்துக்கு முடிவும் உண்டு. ஆகவே அது சோம்பலுக்கு அனுமதி அல்ல. வேர்ப்பக்கம் கொத்தப்படும்போது வலிக்கத்தான் செய்யும். அந்த வலி, தோட்டக்காரர் நம்மைக் கைவிடவில்லை என்பதற்கு அடையாளம்.

சிந்திக்க: இந்த லெந்தில் நாம் நிறுத்திவிட்ட காரியம் எது? அதை இன்று எந்த வேளையில் மறுபடியும் தொடங்குவோம்?

ஜெபம்: பொறுமையுள்ள ஆண்டவரே, எங்களை வெட்டிப்போடாமல் இன்னொரு நாளைத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் கண்ணுக்குத் தெரியாத வேர்களை நீர் அறிவீர். இன்றைக்குரிய சிறிய கீழ்ப்படிதலை இன்றே செய்ய எங்களுக்குப் பெலன் தாரும். ஆமென்.

உங்களுக்காக ஜெபிக்கும்,
ஆஸ்பத்திரி குருவானவர்