விரும்பிய வரிசையிலேயே எழுதட்டும்

கே: அமெரிக்காவில் மருத்துவம் முடிக்கப்போகும் என் மகள் எலும்பு அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். விருப்பப் பட்டியலில் பெரிய மருத்துவமனையை முதலில் எழுதினால் மற்ற இடங்கள் கைநழுவிவிடுமா? – வாசகி, சேலம்

ப: நழுவாது அம்மா. மனதில் உள்ள வரிசைப்படியே எழுதட்டும். பயிற்சி இடங்களை ஒதுக்க 1952-இல் தொடங்கிய 'மேட்ச்' முறையில் இப்போது கணினி மாணவரின் முதல் விருப்பத்திலிருந்து பார்க்கிறது. அது கிடைக்காவிட்டால் இரண்டாவது. அங்கே இடங்கள் நிரம்பியிருந்தாலும், அந்த மருத்துவமனை உங்கள் மகளுக்குக் கீழே வரிசைப்படுத்திய ஒருவர் அதில் இருந்தால், கணினி அவரை எழுப்பிவிட்டு இவளை அமர்த்தும். இந்தக் கணக்கைத் திருத்தியமைத்த ஆல்வின் ராத் 2012-இல் பொருளாதார நோபல் பெற்றவர், தைரியமாக நம்பலாம். போட்டி கடுமையான துறை என்பதால், நேர்காணல் முடிந்த எல்லா இடங்களையும் எழுதச் சொல்லுங்கள். போக மனமில்லாததை மட்டும் விட்டுவிடட்டும்; ஒதுக்கிய இடத்தை மறுக்க முடியாது. மார்ச்சில் ஒரு திங்களன்று இடம் உண்டா என்று தெரியும். எங்கே என்பது அதே வார வெள்ளியன்று.